நிலா அழகாத்தான் இருக்கு... நம்ம முகம்?

‘ஐபோன் 16 ப்ரோ மேக்ஸா, சாம்சங் எஸ்25 அல்ட்ராவா? கேமராவுல எது பெஸ்ட்? ஒரே வரியில சொல்லுங்க!’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். கல்யாண சீஸன், ஸ்கூல் ஆண்டு விழா சீஸன் வந்துவிட்டால் இந்தக் கேள்வியும் வந்துவிடும்.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் வந்த ஐபோன் 16 ப்ரோ மேக்ஸின் அறிமுக விலை 1,44,900 ரூபாய். 2025 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவுக்கு 1,29,999 ரூபாய். இரண்டுமே 256 ஜி.பி. மாடல். ஒரு புது ஸ்கூட்டர் வாங்குகிற காசு. ‘ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும்’ என்று சொல்லி நழுவினால் சும்மா விட மாட்டீர்கள்.

முதலில் அந்த 200 பஞ்சாயத்தை முடித்துவிடலாம். சாம்சங்கின் மெயின் கேமரா 200 மெகாபிக்சல். ஐபோனுடையது 48. ‘நாலு மடங்கு பெட்டர் சார்’ என்பார் கடையில் நிற்கிற தம்பி. கேமராவுக்குள் இருக்கும் சென்சாரை ஒரு மொட்டைமாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம்தான் மழை. மழை பிடிக்க வைத்த பாத்திரங்கள்தான் பிக்சல்கள். சாம்சங் தன் மாடியில் 20 கோடி டம்ளர் வைத்திருக்கிறது. ஐபோன் 4.8 கோடி சொம்பு வைத்திருக்கிறது. மாடியின் அளவோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்!

டம்ளரின் அகலம் 0.6 மைக்ரான், சொம்பின் அகலம் 1.22 மைக்ரான். நல்ல வெயிலில் எல்லாமே நிரம்பிவிடும். மாலை மங்கிவிட்டால் டம்ளருக்குள் நாலு சொட்டுகூடத் தேறாது. அதனால் சாம்சங் பக்கத்துப் பக்கத்து டம்ளர்கள் 16-ஐ ஒன்றாக ஊற்றி, 2.4 மைக்ரான் அகலமுள்ள ஒரே பாத்திரமாக ஆக்கிவிடுகிறது. ஐபோன் 4 சொம்புகளைச் சேர்த்து 2.44 மைக்ரான் ஆக்குகிறது. ஆக, 200-க்கும் 48-க்கும் நடந்த போட்டி, 2.4-க்கும் 2.44-க்கும் என்று முடிந்துபோகிறது.

இன்னொரு வேடிக்கை. செட்டிங்ஸில் எதையும் தொடாமல் படம் எடுத்தால், 200 மெகாபிக்சல் சாம்சங் தருவது 12 மெகாபிக்சல் படம். 48 மெகாபிக்சல் ஐபோன் தருவது 24. இதை வைத்து ஐபோன்காரர்கள் குதிக்க வேண்டாம். வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் 4கே டி.வி-யின் திரையில் இருப்பதே 83 லட்சம் பிக்சல்கள்தான். 12 மெகாபிக்சல் என்றால் 1.2 கோடி. 13 அங்குல அகலத்துக்குப் பிரின்ட் போட்டுச் சட்டம் அடித்து மாட்டினாலும் படம் உடையாது. பட்டப்பகலில் கோபுரத்தை முழுசாக எடுத்து, மேல் நிலையில் இருக்கும் ஒரே ஒரு சிற்பத்தை மட்டும் வெட்டி எடுக்க ஆசைப்படுகிறவருக்கு 200 உதவும். மற்றபடி அது போஸ்டருக்கான நம்பர்.

ஜூமில் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறது. இரண்டிலும் 5 மடங்கு டெலி லென்ஸ் உண்டு. சாம்சங்கில் கூடுதலாக 3 மடங்குக்கு என்று தனியாக ஒரு லென்ஸ். ஸ்கூல் ஆண்டு விழாவில் நமக்கு முதல் வரிசையிலா இடம் கிடைக்கிறது? எட்டாவது, பத்தாவது வரிசையிலிருந்து, மேடையில் முயல் வேஷம் போட்டு நிற்கிற பிள்ளையை எடுக்க 3 மடங்கு, 4 மடங்குதான் தோதாக இருக்கும். அந்த இடத்தில் ஐபோன், மெயின் கேமராவின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித்தான் சமாளிக்கிறது. 5 மடங்கைத் தாண்டினாலும் சாம்சங்கின் டெலி கேமராவில் 50 மெகாபிக்சல் இருப்பதால் 10 மடங்குவரை தைரியமாகப் போகலாம். ஐபோனின் டெலி கேமரா 12 மெகாபிக்சல். ஜூமில் ஜெயிப்பது சாம்சங்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் சாம்சங்காரர்கள் ஜூமைக் காட்ட எடுப்பது முயல் குட்டியை அல்ல, நிலாவை! மொட்டைமாடிக்குப் போய், 100 மடங்கு வைத்து, ‘பார்த்தியா’ என்று நீட்டுவார்கள். பள்ளமும் மேடுமாக, பாடப் புத்தகத்தில் இருப்பதுபோலவே இருக்கும்.

2023 மார்ச்சில் ரெட்டிட் பயனர் ஒருவர் ஒரு குறும்பு செய்தார். நிலாவின் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, தூரத்திலிருந்து அப்போதைய எஸ்23 அல்ட்ராவில் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் போட்டோவில் வந்து நின்றன! உலகம் முழுக்கப் பேச்சானது. நிலா என்று தெரிந்ததும் ஏ.ஐ. உள்ளே வந்து விவரங்களைத் துலக்குகிறது என்று சாம்சங்கும் விளக்கம் கொடுத்தது. நிலா எப்போதும் தன் ஒரே பக்கத்தைத்தான் பூமிக்குக் காட்டுகிறது. அதனால் மெஷினுக்கு அது மனப்பாடம்.

நிலா விஷயத்தில் யாருக்கும் நஷ்டம் இல்லை. இதே வேலையை முகத்தில் செய்தால்?

இன்றைக்கு எந்தப் பெரிய போனும் நீங்கள் பட்டனைத் தொட்ட அந்த ஒரு நொடியை அப்படியே தருவதில்லை. கண் இமைப்பதற்குள் பல படங்களை எடுத்து, ஒன்றின் வெளிச்சத்தையும் இன்னொன்றின் நிழலையும் சேர்த்து, ‘இதுதான் நல்லா இருக்கும்’ என்று தான் நினைக்கிற ஒரு படத்தைக் கட்டித் தருகிறது. ஐபோனும் அப்படித்தான், சாம்சங்கும் அப்படித்தான். முகத்தைக் கண்டுபிடித்து அதற்குத் தனி கவனிப்பும் உண்டு. இருட்டாகத் தெரிந்தால் தூக்கிவிடும். சொரசொரப்பாகத் தெரிந்தால் வழித்துவிடும். எது இருட்டு, எது சொரசொரப்பு என்று முடிவு செய்வது யார் என்பதில்தான் சிக்கலே.

இது புதுக் கதை இல்லை. ஃபிலிம் காலத்தில், கலர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கோடாக் நிறுவனம் பிரின்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருப்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அந்தப் படத்துக்கு நின்ற ஊழியரின் பெயரை வைத்து ‘ஷெர்லி கார்டு’ என்றே அழைத்தார்கள். ஷெர்லியின் கன்னம் சரியாக வந்தால் கலர் சரி! கறுப்பான முகங்கள் வெறும் நிழலாக விழுந்ததைப் பற்றி நெடுங்காலம் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கம்பெனிக்கு உறைக்கும்படி புகார் சொன்னவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளும். தங்கள் சரக்கின் விதவிதமான பழுப்பு நிறங்கள் படத்தில் ஒன்றுபோல விழுகின்றன என்று அவர்கள் சொன்ன பிறகுதான் ஃபிலிம் திருந்த ஆரம்பித்தது. இதை ஆய்வு செய்து எழுதியவர் கனடாவின் லோர்னா ராத்.

செல்போன் காலத்தில், கறுத்த, பழுப்பு முகங்களை உள்ளபடி காட்டுவதையே ஒரு வசதியாக, ‘ரியல் டோன்’ என்று பெயரிட்டுப் பெரிதாக விளம்பரம் செய்தது கூகுள். வருடம் 2021! அதற்குப் பிறகு மற்றவர்களும் இதைப் பேச வேண்டியதாயிற்று.

நம் ஊரில் நாமும் சும்மா இருக்கவில்லை. ‘பொண்ணு போட்டோவைக் கொஞ்சம் பளிச்சுனு போட்டுக் குடுங்கண்ணே’ என்று ஸ்டூடியோவில் கேட்டவர்கள்தானே நாம்? அவரும் நெகட்டிவில் பென்சிலால் டச்-அப் செய்து தருவார். ஆனால், ‘வேணாம்ணே, இருக்கிற மாதிரியே இருக்கட்டும்’ என்று சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார். போன் நம்மிடம் கேட்பதே இல்லை. எட்டு வயதுப் பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பார்ப்பதைவிட போனில்தான் அதிகம் பார்க்கிறாள். ஒவ்வொரு படத்திலும் தன்னைவிட ஒரு படி வெளுத்த ஒருத்தி அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். இரண்டில் எது தன் முகம் என்று அந்தப் பிள்ளை எதை வைத்து முடிவு செய்யும்? எனக்கு 200 மெகாபிக்சலைவிட இது பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

அதனால் இரண்டு போனையும் ஒப்பிட ஷோரூம் சரிப்படாது. அங்கே இருக்கிற வெளிச்சத்தில் பழைய போனும் நன்றாகத்தான் எடுக்கும். உறவில், நட்பில் யாரிடமாவது இந்த போன்கள் இருந்தால் ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். ஏழரை மணிக்கு, டியூப் லைட் மட்டும் எரிகிற ஹாலில், வீட்டிலேயே நல்ல கறுப்பாக இருக்கும் தாத்தாவை வெள்ளைச் சட்டையில் உட்கார வையுங்கள். பக்கத்தில் சிவப்பான பேத்தி. இரண்டு போனிலும் ஒவ்வொரு படம்.

தாத்தா அங்கேயே இருக்கும்போது படத்தைப் பாருங்கள். முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறதா? நெற்றிச் சுருக்கம், கன்னத்து மரு எல்லாம் பத்திரமா? சட்டை வெள்ளையா, மஞ்சளா? முக்கியமாக, தாத்தாவும் பேத்தியும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டார்களா? அந்தந்த போனின் திரையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாம்சங் திரையில் ‘விவிட்’, ‘நேச்சுரல்’ என்று இரண்டு மோடு உண்டு. ஒரே படம் இரண்டிலும் வேறு மாதிரி தெரியும். இரண்டு படங்களையும் மூன்றாவதாக ஒரு போனுக்கு அனுப்பி அருகருகே பாருங்கள்.

சாம்சங்கின் படம் கொஞ்சம் வெளிச்சம் தூக்கலாக, கலர் அழுத்தமாக வரும் என்பது விமர்சகர்கள் பல வருடங்களாகச் சொல்வது. ஐபோன் நிறத்தில் நிதானம், ஆனால் முகத்தில் விழும் நிழலை எல்லாம் துடைத்துத் தட்டையாக்கிவிடுகிறது என்பது அதன் மேல் உள்ள குறை. இரண்டையுமே ஓரளவு அடக்கலாம். எடுப்பதற்கு முன் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடு வரும். சற்றே குறையுங்கள். பாதிப் பிரச்னை அங்கேயே தீரும். ஐபோன் 16-ல் ‘போட்டோகிராஃபிக் ஸ்டைல்ஸ்’ என்று இருக்கிறது. சரும நிறத்தின் சாயலை நம் விருப்பத்துக்கு நகர்த்தலாம், படம் எடுத்த பிறகும் மாற்றலாம். இந்த ஒரு வசதிக்காக ஐபோனுக்கு ஒரு மார்க் கூடவே போடுவேன். சாம்சங்கில் முகத்தை வழவழப்பாக்கும் எஃபெக்டைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, கேமரா செட்டிங்ஸில் ‘இன்டெலிஜென்ட் ஆப்டிமைசேஷன்’ என்பதைக் குறைந்தபட்சத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

அடுத்த டெஸ்ட்டுக்கு மூன்று வயதுக் குழந்தை ஒன்று தேவை. ஓட விட்டு எடுங்கள். வீட்டுக்குள், ஓடுகிற குழந்தையின் முகம் இழுபடாமல் கிடைப்பதில் ஐபோன் முந்துகிறது. சாம்சங்கின் பழைய வியாதி இது. பட்டனைத் தொட்ட நொடிக்கும் பதிவாகும் நொடிக்கும் நடுவே குழந்தை அடுத்த அறைக்குப் போயிருக்கும். ‘கேமரா அசிஸ்டன்ட்’ என்று சாம்சங்கே தரும் ஆப்பில் ‘க்விக் டேப் ஷட்டர்’ உண்டு. விரலை எடுக்கும்போது அல்ல, வைத்த உடனே எடுத்துவிடும். எஸ்25 அல்ட்ரா வாங்குகிற பெற்றோர் முதல் வேலையாக அதைப் போட்டுக்கொள்ளலாம்.

இரவில் சீரியல் பல்பு, கோயில் திருவிழா விளக்குகள் என்றால் ஐபோன் படத்தில் அங்கங்கே பச்சைப் புள்ளிகள் மிதக்கும். லென்ஸுக்குள் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வருவது அது. போனைக் கொஞ்சம் சாய்த்தால் புள்ளி நகர்ந்துவிடும்.

வீடியோவில் இரண்டுமே 4கே தரத்தில் நொடிக்கு 120 ஃப்ரேம் எடுக்கும் என்று மார்தட்டுகின்றன. தாலி கட்டுகிற நொடியை ஸ்லோ மோஷனில் எடுக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்தின் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னி மறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, 120 ஃப்ரேமுக்குத் தெரியும். மணமக்கள் தலைக்கு மேல் மின்னல் வெட்டுவதுபோல வரும். முகூர்த்தத்துக்கு முன்பே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். படபடத்தால் சாதாரண வேகத்துக்கு மாறிவிடுங்கள். ஐபோனில் ‘ஷோ பால் ஃபார்மட்ஸ்’ என்பதை ஆன் செய்தால் 25 ஃப்ரேம் கிடைக்கும். நம் கரன்ட்டுக்கு அது ஒத்துப்போகும்.

இந்த அளவுக்கு வந்தபின் நான் நழுவக் கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை, நிறைய வீடியோ என்றால் ஐபோன். பிள்ளை மேடை ஏறுகிற வயது, நாட்டியம், விளையாட்டு விழா என்றால் சாம்சங். முகத்தின் நிறத்தைப் பொறுத்தவரை, தாத்தா டெஸ்ட்டில் எது ஜெயிக்கிறதோ அது. வீட்டுக்கு வீடு இது மாறும்.

எதை வாங்கினாலும், எடுத்த படத்தை அப்படியே ஃபேமிலி குரூப்பில் தட்டிவிடுகிறீர்கள் இல்லையா? வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். 2023 ஆகஸ்டிலிருந்து, அனுப்பும்போது மேலே ‘எச்.டி.’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதைத் தொட்டால் ஓரளவு தப்பிக்கும். பிரின்ட் போட வேண்டிய படம் என்றால் போட்டோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், சுருங்காமல் போய்ச் சேரும். தாத்தா படத்தையும் அப்படியே அனுப்பி, ஒரு பிரின்ட் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.