ஊன்றுகோல் என்றால் இழுக்கா?

சென்ற மலரில் நம் மன்றத்து நண்பர் ஒருவர், சமய நம்பிக்கை என்பது வலுவற்றவன் கையிலுள்ள ஊன்றுகோல் என்று எழுதியிருந்தார். கட்டுரை அழகாக இருந்தது. படித்துவிட்டுக் கைதட்டியவர்களுள் நானும் ஒருவன். அதே கருத்தை விடுதி உணவுக்கூடத்தில் நானே பலமுறை முழங்கியிருக்கிறேன். ஆனால் இன்று எனக்கு அதில் ஓர் ஐயம். கால் முறிந்தவன் கோலூன்றி நடந்தால் நாம் நகைப்பதில்லை. அது எவ்வளவு பளுவைத் தாங்குகிறது என்றுதான் பார்க்கிறோம். அப்படி ஒரு கோலை ஆறு மாதம் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

என் அறைத்தோழன் ஒரு சீக்கியன். பஞ்சாபின் மால்வா பகுதியில் பருத்தியும் கோதுமையும் விளையும் சிற்றூரிலிருந்து தில்லிக்குப் படிக்க வந்தவன். தன் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். 2024 ஜூலையில் அவன் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தென்பட்டது. வலி இல்லை. இரவில் மட்டும் படுக்கை நனையும்படி வியர்த்தது. தேர்வுக் கவலை என்று நாங்கள் கேலி செய்துகொண்டிருந்தோம். திசுவைச் சோதித்தபோது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்று தெரிந்தது. நிணநீர்க் கணுக்களில் தோன்றும் புற்றுநோய் அது. இளைஞர்களிடையே மிகுதியாகக் காணப்படுவது. நல்ல வேளையாக, மருந்துக்கு நன்கு பணியும் புற்றுநோய்களில் ஒன்று. நான்கு மருந்துகள் சேர்ந்த சிகிச்சை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியே ஏற்ற வேண்டும். மொத்தம் 12 முறை.

அவன் முழுத் தீட்சை பெற்றவன் அல்லன். ஆயினும் வெட்டாத கேசமும், கங்கா என்னும் மரச்சீப்பும், கடா என்னும் இரும்பு வளையமும் குழந்தைப் பருவம் முதல் அவன் உடம்போடு வளர்ந்தவை. நோய் வந்ததும் இவைதாம் அவனுக்குத் துணை நிற்கும் என்று நான் எண்ணினேன். நடந்ததோ வேறு. சிகிச்சை அவற்றைத்தான் முதலில் பறித்துக்கொண்டது.

மூன்றாம் முறை மருந்தேற்றிய பிறகு ஒரு காலை, குளித்துவிட்டு வந்து கட்டிலில் அமர்ந்து தலை வாரினான். சீப்போடு ஒரு பிடி மயிர் வந்தது. மறுமுறையும் வந்தது. அவன் பேசவில்லை. வெள்ளைக் கைக்குட்டையை விரித்து, உதிர்ந்ததை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்தான். நமக்கு மயிர் உதிர்வது அழகின் குறை. அவர்களுக்கு அப்படியன்று. 1745-இல் லாகூரில் கேசத்தைக் கொடுக்க மறுத்ததற்காக மண்டைத் தோலே உரிக்கப்பட்டு உயிர்விட்டவர் பாயி தாரு சிங். அப்படி மாண்டவர்களை நினைவுகூர்ந்துதான் ஒவ்வொரு நாளும் அர்தாஸ் என்னும் வேண்டுதலைச் சொல்கிறார்கள். அதைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன், தன் தலை தானாகவே மொட்டையாவதைக் கண்ணாடியில் பார்த்தான். அன்று அவன் அழுததை நான் மறைக்கப் போவதில்லை. குர்துவாராவின் கிரந்தி ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டான். அவர் நீட்டிப் பேசவில்லை. “நீ வெட்டவில்லையே, மகனே. தலைப்பாகையைக் கட்டு” என்றாராம். கட்டினான். ஆனால் கொண்டை இல்லாத தலையில் தலைப்பாகை நில்லாமல் வழுக்கியது. உள்ளே ஒரு துணியை மடித்து வைத்துக் கட்டப் பழகினான். கொண்டையில் செருகும் சீப்புக்கு இடமில்லாமற் போயிற்று. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அக்டோபரில் பெட் ஸ்கேன். உலோகம் எதுவும் கூடாது என்றார்கள். முன்பெல்லாம் சோப்புப் போட்டாலும் கழலாத வளையம், இளைத்த கையிலிருந்து தானே நழுவி விழுந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை நான் கையில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலம் ஆதலால், கூட்டத்துக்குள் போகாதே, வெளியே சமைத்ததை உண்ணாதே, பொதுக்குளத்து நீர் கூடவே கூடாது என்றார் டாக்டர். சீக்கியனுக்கு இதன் பொருள் என்ன? அடியார் கூட்டமாகிய சங்கத் இல்லை, பந்தியாகிய லங்கர் இல்லை, திருக்குளத்து நீராட்டும் இல்லை. சமயம் என்று வெளியிலிருந்து நாம் காண்பன எல்லாம் போயின. நண்பரின் ஊன்றுகோல் இங்கேயே முறிந்திருக்க வேண்டும். முறியவில்லை.

எஞ்சியவற்றுள் முதலாவது ஒரு பேச்சுவழக்கு. இதைத் தமிழ் படிக்கும் நண்பர்கள் விரும்புவார்கள் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். பழைய சீக்கிய வீரர்கள் காட்டிலும் மேட்டிலும் பசியோடு அலைந்த 18-ஆம் நூற்றாண்டில் தங்களுக்கென்று ஒரு மொழி வைத்திருந்தார்கள். வறுத்த கடலைக்குப் பாதாம் என்று பெயர். வெங்காயத்துக்கு வெள்ளி என்று பெயர். ஒற்றைக் கண்ணன் ‘இலட்சம் கண்ணுடையான்’. காது கேளாதவன் ‘மாடியில் இருக்கிறான்’. தனியாக வரும் ஒருவன் ‘ஒன்றேகால் இலட்சம் பேர்’. இறந்தவன் ‘படையெடுத்துப் போனான்’. நன்னூலார் தகுதி வழக்கில் வைத்த மங்கலமும் குழூஉக்குறியும் நமக்கு நினைவுக்கு வரும். செத்தாரைத் துஞ்சினார் என்கிறோம், சுடுகாட்டை நன்காடு என்கிறோம். ஆனால் நம் மங்கலம் அச்சத்தைப் போர்வையால் மூடுகிறது. அவர்களுடையது அச்சத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. நம் வீடுகளில் புற்றுநோயின் பெயரையே சொல்லாமல் ‘அந்த வியாதி’ என்று குரலைத் தாழ்த்துவார்கள். என் தோழனோ நான்கு மருந்துகளுள் சிவப்பாக இருந்ததற்கு ‘சர்பத்’ என்று பெயரிட்டான். மொட்டைத் தலையைத் தடவி, ‘அறுவடை முடிந்தது’ என்றான். நவம்பரில் தில்லியைப் புகை மூடியபோது, இருமிக்கொண்டே, “எங்கள் ஊர் வயற்புகை என்னைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறது” என்றான். இந்த மனநிலைக்குச் ‘சர்தி கலா’ என்று பெயர். ஏறுமுகமான உள்ளம் எனலாம். இது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. நாள்தோறும் அர்தாஸின் முடிவில் அதைத்தான் கேட்கிறார்கள். அதோடு எல்லோருடைய நலத்தையும் கேட்கிறார்கள்.

இரண்டாவது அவன் தாய். ஊரில் பயிரை விட்டுவிட்டு வந்து, மருத்துவமனைக்கு அருகே ஒரு சிற்றறையில் தங்கினார். அவன் அழைப்பதுபோல் நானும் பேபே என்றே அழைத்தேன். அவர் என்னைப் ‘புத்தர்’ என்பார். பஞ்சாபியில் மகன் என்று பொருள் எனத் தெரியும்வரை என் அமைதியான முகத்தைக் கண்டு சொல்கிறார் என்று மகிழ்ந்திருந்தேன். மருந்து இறங்கும்போது கால்மாட்டில் அமர்ந்து, குரு அர்ஜன் அருளிய சுக்மணியை மெல்லிய குரலில் ஓதுவார். 24 பகுதிகள் கொண்ட நீண்ட நூல் அது. முழுதும் ஓத ஒன்றரை மணி ஆகும். கடிகாரத்தை அவர் பார்த்ததே இல்லை. இரண்டாம் முறை ஓதி முடிக்கும்போது மருந்துப் பை காலியாகியிருக்கும்.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அது சேவை. குர்துவாராவில் செருப்பைத் துடைக்கவும் பாத்திரம் கழுவவும் முடியாதவன் என்ன சேவை செய்வான்? அந்த மருத்துவமனைக்குச் சிற்றூர்களிலிருந்து வருவோர் பலர். இரத்தச் சோதனைச் சாளரம் எது, சீட்டின் நகல் எத்தனை வேண்டும், எந்த வரிசை முதலில் என்று தெரியாமல் அரை நாளை இழப்பார்கள். இவன் ஒரு குறிப்பேட்டில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்தான். தன் முறைக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய், முகமூடி அணிந்து ஓர் ஓரத்தில் அமர்ந்து, வருவோருக்கு வழி சொன்னான். ஒருநாள் எனக்குத் தொலைபேசி வந்தது. “உன் ஊர்க்காரர்கள் போல் இருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வா.” போனேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து தில்லியில் வீட்டுவேலை செய்து பிழைக்கும் ஓர் அம்மாள், தம் கணவருடன் நின்றார். இந்தி பேசுவார், ஆனால் படிக்கத் தெரியாது. இரண்டு வாரமாக வந்து திரும்பியிருக்கிறார். தமிழ்க் குரல் கேட்டதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தமிழுக்காக மேடையில் நான் பேசிய பேச்சுகள் எத்தனை! தமிழ் பேசும் ஒருவருக்கு அது முதன்முதலாகப் பயன்பட்டது ஒரு சீக்கிய நோயாளி அழைத்தபோதுதான் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இதை எல்லாச் சீக்கியருக்கும் உரிய பெருமை என்று நான் பாடவில்லை. அவனுடைய உறவினர் ஒருவர், தங்கையின் திருமணம் முடியும்வரை நோயை வெளியே சொல்லாதே என்றார். இன்னொருவர், மருந்தை நிறுத்திவிட்டு ஒரு பாபாவிடம் போகலாம் என்றார். அதற்கு அவன் சொன்ன விடை எனக்கு மறக்கவில்லை. எட்டாம் குருவாகிய குரு ஹர்கிருஷன் 1664-இல் தில்லிக்கு வந்தார். அம்மையும் வாந்திபேதியும் பரவியிருந்த நகரில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார் என்பது சீக்கிய மரபு. அந்த அம்மையே அவரையும் கொண்டுபோயிற்று. எட்டு வயதுகூட நிறையவில்லை. அவர் தங்கிய ராஜா ஜெய்சிங்கின் மாளிகை இருந்த இடத்தில்தான் இன்று நாம் நண்பர்களோடு போய்ப் பந்தியில் உண்ணும் பங்களா சாகிப் இருக்கிறது. “குருவே நோயில் போனார். அதை நாங்கள் மறைக்கவில்லை. வேண்டிக்கொண்டால் நோய் வராது என்று என் சமயம் எனக்கு வாக்குக் கொடுக்கவே இல்லை” என்றான். தொழுநோயாளருக்குத் தரன் தாரனில் இல்லம் அமைத்தார் குரு அர்ஜன் என்கிறது மரபு. ஆனந்தபூர்ப் போரில் பகைவருக்கும் தண்ணீர் கொடுத்த பாயி கன்னையாவைக் குரு கோபிந்த் சிங் கண்டிக்காமல், காயத்துக்கு மருந்தையும் கொடுத்தனுப்பினார் என்றும் சொல்கிறார்கள். நம் காலத்துக்கு நெருங்கியவர் பகத் பூரன் சிங். கைவிடப்பட்ட ஊனமுற்ற சிறுவனை ஆண்டுக்கணக்கில் முதுகில் சுமந்து திரிந்து, பின்னர் அமிர்தசரசில் பிங்கல்வாடாவை நிறுவி, 1992-இல் மறைந்தவர். இப்படிப்பட்ட வழியில் வந்தவனிடம் போய் மருந்தை விடச் சொன்னால் கேட்பானா?

கேட்கவிருந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் முறைக்கு முந்திய இரவு. மருத்துவமனை வாயிலை நினைத்தாலே அவனுக்கு வாந்தி வந்துவிடும் நிலை. “நாளை வரமாட்டேன். போதும்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் புள்ளிவிவரம் சொன்னேன், கெஞ்சினேன். பயனில்லை. ஹுக்கம், அதாவது இறைவன் கட்டளை, அப்படியானால் அப்படியே ஆகட்டும் என்றான். நம் ஊரில் தலையெழுத்து என்று கைகட்டி உட்காருவார்களே, அதே குரல்தான். பேபே வாதிடவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவர் தலை நிமிராமல், “அந்தப் பீகார்ப் பையன் நாளைக்கு முதல் முறையாக வருவான். அவன் தகப்பனுக்குச் சீட்டுப் படிக்கத் தெரியாது. நீ போகாவிட்டால் யார் சொல்வார்கள்?” என்று மட்டும் கேட்டார். விடியற்காலையில் அவன் எழுந்து தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தான்.

என் கருத்து இதுதான். கட்டியைக் கரைத்தது மருந்து. அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை, அவனுக்கும் இல்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு 12 முறையும் அவனைக் கொண்டுபோய் அமர்த்தியது எது? நோயாளியை வெறும் நோயாளியாக இருக்க விடாத ஒரு சமயப் பழக்கம். கிடக்கையிலும் உன்னால் ஒருவனுக்கு ஆகவேண்டியது இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. நண்பர் இதை ஊன்றுகோல் என்றால் நான் மறுக்கவில்லை. அந்தக் கோலை ஊன்றிக்கொண்டே அவன் மற்றவர்களுக்கும் வழி காட்டினான் என்பதை மட்டும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். கடவுளை நம்பாத நண்பர்கள் கடவுளை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளட்டும். அப்படி எடுத்துக்கொள்ள முடியுமா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. பேபே சுக்மணியை விட்டுவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

12-ஆம் முறை 2025 சனவரி நடுவில் முடிந்தது. பின்னர் எடுத்த ஸ்கேனில் கட்டி எதுவும் தென்படவில்லை. குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. ஐந்தாண்டு பார்க்க வேண்டும் என்றார். முடி காதுவரை வளர்ந்திருக்கிறது. சீப்பு இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

நம் மன்றத்தில் ஒருவர் நோயுற்றால் முதல் நாள் ஆரஞ்சுப் பழத்தோடு பத்துப் பேர் போகிறோம், பத்தாம் நாள் ஒருவரும் போவதில்லை. இதைப் பற்றிச் செயற்குழு பேச வேண்டும். அதுவரை ஒரு சிறு செய்தி. அவன் இப்போதும் சனிக்கிழமைதோறும் குறிப்பேட்டோடு அங்கே போகிறான். தமிழ்க் குடும்பங்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று வருகின்றன. நான் ஒருவன் போதவில்லை. வர விரும்புவோர் மன்றச் செயலரிடம் பெயர் கொடுக்கலாம். காலை ஆறரை மணிக்கு விடுதி வாயிலிலிருந்து புறப்படுகிறோம். முகமூடி கட்டாயம். சளி இருமல் உள்ளவர்கள் அந்த வாரம் வர வேண்டாம்.