வெடித்தது கத்ராம், கையொப்பம் ஸுல்ஹாம்!



கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

எங்கள் தெருவில் இடியப்பம் அவித்து விற்று மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிற ஒரு ராத்தா இருக்கிறா. புதிதாக வாங்கிய, கண்ணாடி போட்ட கேஸ் குக்கர். சுபஹுக்குப் பிறகு முதல் ஈடு அவிந்துகொண்டிருக்கும்போது வெடித்துச் சிதறியது. வலது கையும் கழுத்தும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். உரல் பிழிகிற கை அது.

மூன்றாம் நாளே விற்ற தரப்பில் வந்துவிட்டார்கள். ஒரு புதுக் குக்கர், 15,000 ரூபாய் வைத்த என்வலப், சிங்களத்தில் டைப் பண்ணிய ஒரு காகிதம். கூட வந்தது யார் தெரியுமா? நம்ம ஆள். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர். "ராத்தா, இது கத்ர். கோடு கச்சேரி என்டு அலையப் போறீங்களா? ஸுல்ஹா முடிச்சிருவோம்." ராத்தா இடது கையால் கையொப்பம் வெச்சா. காகிதத்தைப் பிறகு எங்களோடு படிப்பிக்கிற ஒரு சேர் வாசித்துச் சொன்னார்: இனிமேல் எந்த நட்டஈடும் கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறது.

கத்ரை நாமும் நம்புகிறோம். ஆனால் தவறுதலாக நடந்த கொலைக்கே தியத் கொடுக்கச் சொல்கிற மார்க்கம் இது. அதை மன்னித்துவிடுகிற உரிமை பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு. நடுவில் தேத்தண்ணி குடிக்க வந்தவருக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது? ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மற்றவர் என்வலப்போடு. இதற்கா ஸுல்ஹ் என்று பெயர்?

2021 நவம்பரை மறந்துவிட்டோமா? கொழும்பு ரேஸ்கோர்ஸ் கட்டடத்தில் வெடித்தது, பிறகு நாடு முழுக்க ஒவ்வொரு நாளும் எங்காவது ஒரு குசினி. உயிர்களும் போயின. ஆரம்பத்தில் என்ன சொன்னார்கள்? ஹோஸ் பழசு, ரெகுலேட்டர் சரியில்லை, பொம்புளையளுக்குப் பாவிக்கத் தெரியாது. கடைசியில் ஜனாதிபதி நியமித்த எட்டுப் பேர் குழு, சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவை மாற்றப்பட்டதையே காரணமாகச் சொன்னது. புரொப்பேன் கூடினால் அமுக்கம் கூடும், அமுக்கம் கூடினால் இளகின இடத்தால் கசியும். இது ஓ.எல். விஞ்ஞானம். அடுப்படியில் நின்றவளில் சுமத்தின பழியை ஒருவரும் திரும்ப எடுக்கவில்லை.

சட்டம் எங்கள் பக்கம் முழுசாக இல்லை என்பதும் உண்மை. பழுதான பொருளால் வரும் காயத்துக்கென்று இந்த நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. இந்தியா 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கென ஓர் அத்தியாயமே வைத்திருக்கிறது. இங்கே வழக்குப் போட்டால் கவலையீனத்தை நிரூபிக்க வேண்டியது வெந்த கைக்காரி. இது அநியாயம், நமது எம்பிமார் ஒருவரும் இதைப் பற்றி வாய் திறப்பதாகவும் தெரியவில்லை.

ஆனாலும் கையில் ஒன்றுமே இல்லை என்பது பொய். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருளென்று விசாரணையில் தெரிந்தால் நட்டஈடு கொடுக்க, பொருளை மாற்றிக் கொடுக்க, காசைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட அதற்கு அதிகாரம் இருக்கிறது. தொலைபேசி 1977. ஆனால் பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். வெடித்த நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து. நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கென்றால் இரண்டு வருடம். லோயருக்குக் காசில்லை என்றால் 1978இல் உண்டாக்கிய சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்காகத்தான் அது.

உலகம் முழுக்கப் படிப்பிக்கிற வழக்கு ஒன்று உண்டு. 1928இல் ஸ்கொட்லாந்தில் ஒரு பெண் குடித்த சோடாப் போத்தலுக்குள் நத்தை கிடந்ததாம். அவ ஒரு கடைச் சிப்பந்தி. செலவுக்கு வழியில்லாத ஏழை என்று சத்தியம் பண்ணித்தான் மேன்முறையீட்டுக்கே போனா. அந்தப் போத்தலை வாங்கியதும் அவ இல்லை, கூட வந்தவ. அதனால் கடையோடு ஒப்பந்தம் என்று ஒன்றும் இல்லை. 1932இல், செய்த கம்பனிக்குக் குடிப்பவர் மீது கவனம் எடுக்கும் பொறுப்பு உண்டென்று தீர்ப்பாயிற்று. அவவின் ஊரிலும் "விடுங்கம்மா" என்று சொல்ல ஆட்கள் இருந்திருப்பார்கள்.

நிருவாகிகளிடம் நேரடியாகவே கேட்கிறோம். ஜனாஸா அறிவிப்புக்குப் பாவிக்கிற ஒலிபெருக்கியில், பில்லை எறியாதீர்கள், உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளிக் கொட்டாதீர்கள், போட்டோ எடுங்கள், பொலிஸில் ஒரு முறைப்பாடு போடுங்கள், வாசிக்கத் தெரியாத மொழியில் கையொப்பம் வைக்காதீர்கள் என்று ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு சொல்ல எத்தனை நிமிஷம் போகும்? ராத்தாவின் வீட்டில் கண்ணாடித் துண்டுகள் அன்றைக்கே குப்பை டிரக்டரில் போய்விட்டன. அதற்கு ஆலோசனை சொன்னதும் அதே ஆள்தான்.

பில் மட்டும் குர்ஆன் வைக்கிற அலுமாரியில் மிஞ்சியிருக்கிறது. திகதியைப் பார்த்தோம், மூன்று மாதம் முடிய இன்னும் 19 நாள். அந்தக் கையொப்பம் வழியை அடைத்துவிட்டதா இல்லையா என்பதைச் சட்டத்தரணி பார்த்துச் சொல்லட்டும், பள்ளி நிருவாகி சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை காலை ராத்தாவைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போகிறோம். ஓட்டோ உள்ள தம்பி ஒருவர் வந்தால் நல்லது, பஸ்ஸில் அந்தக் கையோடு அவவால் பிடித்து நிற்க ஏலாது.