மாத்திரைக்குக் கிடங்கு இருக்கு, நர்ஸுக்கு என்ன இருக்கு?

மக்களே, உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பாராசிட்டமால் தீர்ந்துபோச்சுன்னா என்ன நடக்கும்? மாவட்டக் கிடங்குல இருந்து வந்துடும். அதுக்குன்னே 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு, சில மாதங்களுக்கான கையிருப்பு. வேற மாநிலங்கள் இதைப் பார்த்துக் காப்பியடிச்சாங்க. பெருமையாவே சொல்லிக்கலாம்.

இப்போ அதே நிலையத்துல இருக்கிற நர்ஸ் மகப்பேறு விடுப்புல போறாங்க. அவங்க இடத்துக்கு எந்தக் கிடங்குல இருந்து ஆள் வரும்?

வராது. பக்கத்து நிலையத்து நர்ஸை வாரத்துல மூணு நாள் இங்கே அனுப்புவாங்க. அந்த மூணு நாளும் அங்கே ஆள் இருக்காது. மாத்திரைக்கு முன்கூட்டியே கணக்குப் போடத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, அந்த மாத்திரையைக் கொடுக்கிற மனுஷிக்கு மட்டும் கணக்குப் போடத் தெரியல. தெரியலையா, மனசு இல்லையா என்பதை இந்தப் பதிவைப் படிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

கொரோனா காலத்தை மறந்திருக்க மாட்டீங்க. 2020-ல் அவசர அவசரமா, ஒப்பந்த அடிப்படையில், 14,000 ரூபாய் சம்பளத்துக்கு செவிலியர்களை எடுத்தாங்க. பிபிஇ உடைக்குள்ள வெந்தாங்க அந்தப் பெண்கள். மாடியில நின்னு கைதட்டினோம், ஹெலிகாப்டர்ல இருந்து பூ கூடத் தூவினாங்க. 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோட 2,300-க்கும் மேற்பட்டவர்களுக்கு "பணி நீட்டிப்பு இல்லை". புத்தாண்டுப் பரிசு! எடுத்தது ஒரு ஆட்சி, அனுப்பியது இன்னொரு ஆட்சி. அதுக்கும் முன்னாடி, 2015-ல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துல எடுக்கப்பட்டவர்கள் 2017 நவம்பரில் டி.எம்.எஸ். வளாகத்துல தரையில உட்கார்ந்து போராடினாங்க. கட்சிக் கொடி மாறுது, கோப்பு மாறல.

ஏன் இப்படி நடக்குது? நம்ம சுகாதாரத் துறையில திட்டமிடல் என்றாலே "காலிப் பணியிடம் எத்தனை? நிதித்துறை எத்தனைக்கு ஒப்புதல் தரும்?" இவ்வளவுதான். அதாவது போன வருஷத்துக் கணக்கு. 2040-ல் யார் நோயாளி, என்ன நோய், யார் பார்ப்பாங்க என்று கேட்கிற ஒரு மேசை கோட்டையிலயும் இல்ல, டெல்லியிலயும் இல்ல.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். எங்களுக்கு முதல்ல சொல்லிக்கொடுக்கிற விஷயங்கள்ல ஒண்ணு லீட் டைம். பொருள் கைக்கு வர எவ்வளவு நாள் ஆகும் என்று பார்த்துத்தான் ஆர்டர் போடணும். ஒரு டாக்டருக்கு லீட் டைம் எவ்வளவு? எம்.பி.பி.எஸ். பயிற்சியோட சேர்த்து அஞ்சரை வருஷம். மேல எம்.டி. மூணு வருஷம். இதய நிபுணராகணும்னா இன்னொரு மூணு. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற வருஷங்களைச் சேர்க்கவே இல்ல. பி.எஸ்சி. நர்ஸிங் நாலு வருஷம். ஆக இன்னைக்கு எடுக்கிற முடிவு 2030-க்கு மேலதான் வார்டுல வந்து நிற்கும். அஞ்சு வருஷ ஆட்சிக்காரங்க இதைத் தொடாததுக்கு இதைவிட நல்ல காரணம் வேணுமா? ரிப்பன் வெட்ட அவங்க இருக்க மாட்டாங்களே!

டெல்லி வேற ரகம். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதி போட்டது. 10 லட்சம் மக்கள்தொகைக்கு 100 எம்.பி.பி.எஸ். இடங்கள், அதைத் தாண்டின மாநிலத்துல புதுக் கல்லூரி கிடையாது. தமிழ்நாடு ஏற்கெனவே தாண்டிவிட்டது, அதனால நமக்குக் கதவடைப்பு. எதிர்ப்பு கிளம்பினதும் அந்த நவம்பரிலேயே தள்ளிவச்சாங்க. ஆனா அந்த மூளையைக் கவனிங்க. கேரளாவுக்கும் பீகாருக்கும் ஒரே நம்பர். பாதிப் பேர் இளைஞர்களா இருக்கிற மாநிலத்துக்கும், முதியோர் பெருகுற மாநிலத்துக்கும் ஒரே நம்பர். அந்த மக்கள்தொகைக்கும் கையில இருந்த கடைசிக் கணக்கெடுப்பு 2011-ஆம் ஆண்டோடது!

ஒரே நம்பரை நம்பிப் போட்ட திட்டம் என்ன ஆகும்னு எங்களைக் கேளுங்க. ஐ.டி. வேலை இப்படியே ஏறிக்கிட்டே போகும்னு நினைச்சு, தமிழ்நாட்டுல ஐநூறுக்கு மேல இன்ஜினியரிங் கல்லூரிகள் முளைச்சுது. இன்னைக்குப் பல கட்டடங்கள் பூட்டிக் கிடக்கு. அந்தப் பட்டத்தை வச்சுக்கிட்டு எத்தனை பேர் உங்களுக்கு பிரியாணி டெலிவரி பண்றாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இதுக்கு மாற்று இருக்கு. சினாரியோ பிளானிங்னு பேரு. பயந்துடாதீங்க, ஜோசியம் இல்ல. "இதுதான் நடக்கும்"னு ஒரு எதிர்காலத்தைச் சொல்லாம, நடக்கக்கூடிய மூணு நாலு எதிர்காலங்களை எழுதி, ஒவ்வொண்ணுலயும் நம்ம முடிவு தாக்குப்பிடிக்குமான்னு சோதிக்கிறது. 1970-களின் தொடக்கத்துல ஷெல் எண்ணெய் நிறுவனத்துல பியர் வாக் என்பவரோட குழு இதைச் செஞ்சு, எண்ணெய் விலை திடீர்னு எகிறக்கூடிய ஒரு எதிர்காலத்தையும் முதலாளிகள் முன்னாடி வச்சது. 1973-ல் எகிறியே விட்டது. லாபத்துக்காக எண்ணெய்க் கம்பெனி செஞ்சதை உயிருக்காக ஒரு அரசாங்கம் செய்யக் கூடாதா?

வாங்க, நாமளே போட்டுப் பார்ப்போம். ஒரு பேப்பர் எடுங்க. குறுக்கே ஒரு கோடு, நெடுக ஒரு கோடு.

குறுக்குக் கோடு: நம்ம நர்ஸுங்க இங்கேயே இருப்பாங்களா, வெளிநாடு போவாங்களா? பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் எல்லாம் வயசாகிற நாடுகள், எல்லாருக்கும் நர்ஸ் வேணும். ஆள் அனுப்புறதுக்கு நம்ம அரசே ஒரு நிறுவனம் நடத்துது. நெடுக்குக் கோடு: நமக்கு வரப்போற சுமை எது? சர்க்கரை, பி.பி., பக்கவாதம், முதுமைன்னு மெதுவா வந்து போகாமலே இருக்கிற சுமையா? இல்ல கொரோனா மாதிரி, சென்னை வெள்ளம் மாதிரி திடீர்னு அடிக்கிற சுமையா?

நாலு கட்டம் வந்துடுச்சா? இப்போ ஒப்பந்த முறையை ஒவ்வொரு கட்டத்துலயும் வச்சுப் பாருங்க. வெளிநாட்டுக் கதவு திறந்திருக்கிற ரெண்டு கட்டத்துலயும் முதல்ல கிளம்புறது யாரு? நிரந்தரம் இல்லாத ஒப்பந்த நர்ஸ்தான். முதியோர் பெருகுற கட்டத்துல தேவை ஆறு மாசத்துல முடியுறதில்ல, இருபது வருஷம் நிற்கும். அங்கே ஒப்பந்தத்துக்கு அர்த்தமே இல்ல. திடீர் நோய் வரும், போகும், யாரும் வெளிநாடு போக மாட்டாங்க என்கிற ஒரே ஒரு கட்டத்துலதான் இவங்க முறை ஓடும். நாலுல ஒண்ணு! அந்த ஒண்ணை நம்பித்தான் ரெண்டு ஆட்சியும் நம்ம உயிரைப் பந்தயம் வச்சிருக்கு.

அதுலயும் எந்தக் கட்டம் நெருங்கி வருதுன்னு தெரியாத மாதிரி நடிக்க முடியாது. ஒன்றிய அரசு அமைச்ச வல்லுநர் குழுவோட மதிப்பீட்டுப்படி தமிழ்நாட்டுல 60 வயசைத் தாண்டினவங்க 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதம். பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 1.4 குழந்தை என்று 2020 மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்லுது. ஒத்தப் பிள்ளை பெங்களூருல, அப்பா அம்மா திருவாரூருல. அம்மாவுக்கு பக்கவாதம் வந்தா புரட்டிப் படுக்க வைக்கிறது யாரு? பிசியோதெரபி கொடுக்கிறது யாரு? சிறுநீர்க் குழாய் மாத்துறது யாரு? "மக்களைத் தேடி மருத்துவம் இருக்கே" என்பாங்க. நல்ல திட்டம், மறுக்கல. ஆனா அதுல வீடு வீடா நடக்கிற பெண்களுக்கு மாதம் சில ஆயிரம் ஊக்கத்தொகைதானே கொடுக்கறீங்க? இருபது வருஷச் சுமையைத் தன்னார்வலர் தலையில வச்சுட்டு விருது வாங்குறது நியாயமா?

"எதிர்காலத்தை யாரு கண்டா?" என்று ஒரு பதில் வரும். ஓய்வு பெறும் தேதி கூடவா தெரியாது? 2020-ல் ஓய்வு வயசை 58-ல இருந்து 59 ஆக்கினீங்க, 2021-ல் 60. யார் எந்த மாசம் வெளியே போவாங்கன்னு சம்பளப் பட்டியலே சொல்லுது. 2022 ஜனவரியில ஒரே நாள்ல 11 அரசு மருத்துவக் கல்லூரி திறந்தீங்க. பாடம் சொல்லித்தர ஆள் வேணும்னு தெரிய ஞானதிருஷ்டி வேணுமா? 2025-ல் மாநிலத்தோட 36 அரசு மருத்துவக் கல்லூரிகள்ல 34-க்கு, ஆசிரியர் பற்றாக்குறை உள்ளிட்ட குறைகளுக்காக மருத்துவ ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிச்சுது.

இங்கிலாந்து 2023 ஜூன்ல தன் மருத்துவப் பணியாளர்களுக்கு 15 வருஷத் திட்டம் வெளியிட்டது. எதுவும் செய்யாம விட்டா 2036-37-ல் 2,60,000 முதல் 3,60,000 பேர் வரை பற்றாக்குறை வரும்னு அதுலேயே எழுதினாங்க. ஒத்த நம்பர் இல்ல பாருங்க, இங்கிருந்து அது வரைக்கும்னு ஒரு எல்லை. அந்தக் கணக்குல ஓட்டை இருக்குன்னு அடுத்த வருஷம் அவங்க தணிக்கை அலுவலகமே சொல்லிச்சு. கணக்கு வெளியில இருந்ததாலதான் ஓட்டையைக் காட்ட முடிஞ்சது. நம்ம ஊர்ல குத்தம் சொல்லக்கூட ஒரு தாள் கிடையாது.

நாங்க கேட்கிறது இதுதான். 2040 வரைக்குமான சுகாதாரப் பணியாளர் திட்டத்தைச் சட்டமன்றத்துல வைங்க. நாலு எதிர்காலத்தையும் அதுல எழுதுங்க. விடுப்புக்கும் பேரிடருக்கும்னு மாவட்டம்தோறும் நிரந்தரச் செவிலியர் கையிருப்பு ஏற்படுத்துங்க. மருந்துக் கிடங்கு கட்டின மாநிலம்தானே இது! கிராம சுகாதார செவிலியர், பிசியோதெரபிஸ்ட் பணியிடங்களை முதியோர் எண்ணிக்கையோட இணைங்க. காசு இல்லன்னு சொல்லாதீங்க, கட்டடத்துக்கு இருந்தது.

நீங்க செய்யவேண்டியது ஒண்ணு இருக்கு, மக்களே. அடுத்த கிராம சபைக்குப் போங்க. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இன்னைக்கு ஆள் இருக்கிறது எத்தனை, அதுல ஒப்பந்தம் எத்தனை, அடுத்த பத்து வருஷத்துல ஓய்வு பெறுறவங்க எத்தனை பேர்னு கேளுங்க. நகரத்துல இருக்கிறவங்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டிக் கேளுங்க. வர்ற பதிலை, பதில் வரலன்னா அதையும், ஊர் பேரோட கமெண்ட்ல போடுங்க. மாவட்ட வாரியா தொகுத்து இதே பக்கத்துல வெளியிடுறோம்.

#நர்ஸ்_எங்கே #2040_கணக்கு_எங்கே