மூட்டு மாற்று அறுவையும் குருதி இழப்பும்

"எத்தனை யூனிட் இரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டும்?" முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்காகத் தில்லை நகருக்கு வரும் குடும்பத்தார் பலர் முதலில் கேட்பது இதுவே. குருதி இழப்பைக் குறைக்க என்ன வழி என்ற கேள்வி அதற்கு முன்பே எழ வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அறுவையின்போது தொடையில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து, காலின் குருதியோட்டத்தை நிறுத்தி வைப்பது நெடுநாள் வழக்கம். டூர்னிக்கே எனப்படும் இக்காற்றுப் பட்டையை 1904-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அறிமுகப்படுத்தினார். அறுவை செய்யும் இடம் தெளிவாகத் தெரியும். உலர்ந்த எலும்பில் சிமெண்ட் நன்கு பற்றும் என்பன இதற்குக் கூறப்படும் காரணங்கள்.

2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இது குறித்த 41 ஆய்வுகளை ஆராய்ந்தது. பட்டை கட்டியவர்களுக்கு அறுவையின்போது குருதி இழப்பு ஏறத்தாழ 150 மி.லி. குறைந்தது, அறுவை சுமார் 4 நிமிடங்கள் முன்னதாக முடிந்தது. ஆனால் மறுநாள் வலியும், கடுமையான பின்விளைவுகளும் அவர்களுக்கே மிகுதியாக இருந்தன. பட்டையைத் தளர்த்திய பின்னர் மூட்டுக்குள் கசியும் குருதி வெளியே தெரிவதுமில்லை.

ஆகவே, வழக்கம் என்பதற்காக மட்டும் பட்டை கட்டுதல் போதாது. ஒவ்வொருவரின் உடல்நிலையையும் கருதியே முடிவெடுக்க வேண்டும். காலில் குருதிக்குழாய் அடைப்போ, முன்பு குருதி உறைகட்டியோ இருந்திருந்தால் மருத்துவரிடம் தவறாது கூறுங்கள். உருவான குருதி உறைவு விரைவில் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் இன்று பலருக்குக் கைகொடுக்கிறது. அது தமக்குப் பொருந்துமா என்றும் கேட்டறியலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கவனிக்க வேண்டியது சோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை உண்டு. மூட்டுத் தேய்வுடன் வருவோரில் பெரும்பாலோர் அவ்வயதைக் கடந்தவர்கள். எனினும் வயது ஏறுவதால் சோகை தானாக நீங்குவதில்லை. குறைந்த இருப்புடன் அறுவைக்குச் செல்பவருக்குச் சிறு இழப்பும் பேரிழப்பே. எனவே சில வாரங்களுக்கு முன்பே ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்து, குறைவிருப்பின் காரணமறிந்து சரிசெய்து கொள்ளுங்கள். குருதி உறையாதிருக்க உண்ணும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவும் வேண்டா, தொடரவும் வேண்டா, மருத்துவர் குறிக்கும் நாளில் நிறுத்துங்கள்.

இவற்றைக் கேட்பதால் எந்த மருத்துவரும் வருந்தார். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் கேட்டுத் தெளிவது நோயாளியின் உரிமை. விளக்கிச் சொல்வது எங்கள் கடமை.