பெயர் யாருடைய கையில்?



வீட்டிலிருந்தவாறே கேக் செய்து விற்பவர்கள், அபாயா தைத்துக் கொடுப்பவர்கள், மாசிச் சம்பலும் அச்சாறும் போத்தலில் அடைத்து அனுப்புபவர்கள் என்று நம்மிடையே சிறுதொழில் செய்யும் பெண்கள் ஏராளம். முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் ஆரம்பித்த தொழில் சற்று வளர்ந்ததும், நமக்கென்று ஓர் இணையத்தளம் இருந்தால் நல்லது என்ற எண்ணம் வருகிறது. குடும்பத்தில் கணினி தெரிந்த பிள்ளையொன்று அதைச் செய்து தருகிறது. பிறகு பெட்டியிலும் பையிலும் அந்த முகவரியை அச்சடிக்கிறோம். வாடிக்கையாளர் மனதிலும் அது பதிந்து விடுகிறது.

மூன்று நான்கு வருடங்கள் சென்ற பின்னர்தான் பிரச்சினை தலைதூக்குகிறது. பெயருக்கான வருடக் கட்டணம் கூடிக்கொண்டே போகும். கம்பனிக்கு எழுதினால் பதில் வராது. சரி, வேறு கம்பனிக்கு மாற்றிவிடுவோம் என்று முயன்றால், "மாற்ற முடியாது" என்று திரையில் வந்து நிற்கும். ஏன் முடியாது? யாரிடம் கேட்பது? இம்மாதம் அதைப் பார்ப்போம்.

எதை மாற்றுகிறோம்?

இணையத்தளம் என்று நாம் சொல்வதில் இரண்டு விடயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று பெயர், அதாவது டொமைன். மற்றது படங்களும் எழுத்துகளும் இருக்கும் இடம், அதாவது ஹோஸ்டிங். இரண்டுக்கும் ஒரே கம்பனிக்குப் பணம் கட்டுவதால் இரண்டும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பெயரை மாற்றினால் தளம் கூடவே வராது. தளத்தை மாற்றினாலும் பெயர் பழைய இடத்திலேயே இருக்கும்.

டொட் கொம் பெயர்கள் அனைத்தையும் கொண்ட மூலப் பதிவேட்டை அமெரிக்காவின் வெரிசைன் கம்பனி வைத்திருக்கிறது. நாம் நேரடியாக அங்கு போவதில்லை. இடையிலுள்ள பதிவுக் கம்பனி ஒன்றின் மூலமே பெயரைப் பதிகிறோம். இந்தக் கம்பனிகளுக்கு அனுமதி வழங்கி விதிகளை வகுப்பது 1998 இல் ஆரம்பிக்கப்பட்ட ஐகான் என்ற அமைப்பாகும். காணி உறுதி உங்கள் பெயரில் இருக்க, அதைப் பார்த்துக் கொள்ளும் நொத்தாரிசை மாற்றுவது போன்றதே இந்த இடமாற்றம். காணி மாறுவதில்லை. ஆனால் உறுதி உண்மையிலேயே உங்கள் பெயரில் இருக்கிறதா? முதற் சிக்கல் அங்கேதான்.

முதலாவது தடை: பெயரும் மின்னஞ்சலும்

மருமகன் தன்னுடைய கணக்கில், தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்து, தன்னுடைய கடனட்டையால் பதிந்திருப்பார். அவருடைய எண்ணத்தில் தவறில்லை. ஆனால் பதிவேட்டின்படி உரிமையாளர் அவர்தான். நீங்கள் ஒவ்வொரு வருடமும் பணத்தைக் கையில் கொடுத்திருந்தாலும், கம்பனி உங்களை அறியாது. அவர் வெளிநாடு போய்விட்டால், அல்லது அந்த மின்னஞ்சலை மறந்துவிட்டால், கதவு இரு பக்கமும் அடைபட்டுவிடும்.

இன்னுமொரு பொறியும் உண்டு. தொடர்பு மின்னஞ்சலாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுத்திருந்தால், பெயர் செயலிழக்கும் நாளில் அந்த மின்னஞ்சலும் சேர்ந்தே செயலிழக்கும். மீட்பதற்கான கடிதம் உங்களுக்கு வராது. ஆகவே தொடர்புக்கு வேறொரு மின்னஞ்சலையே கொடுங்கள்.

இரண்டாவது தடை: பூட்டு

பதிவுக் கம்பனிகள் பெரும்பாலும் பெயரைப் பூட்டியே வைத்திருக்கும். "கிளையன்ட் டிரான்ஸ்பர் புரொஹிபிட்டட்" என்று திரையில் தெரிந்தால் அதுதான் பூட்டு. இது தொல்லை தருவதற்காகப் போடப்பட்டதல்ல. 2005 ஜனவரி மாதத்தில் ஒரு வார இறுதியில் நியூயோர்க்கின் பழைய இணையச் சேவை நிறுவனங்களில் ஒன்றான பெனிக்ஸ் நிறுவனத்தின் பெயரை, அதன் அனுமதியின்றி, யாரோ அவுஸ்திரேலியப் பதிவுக் கம்பனி ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். அதன் வாடிக்கையாளருக்கு வரவேண்டிய மின்னஞ்சல்கள் வேறு நாட்டுக்குத் திரும்பின. வார இறுதியானபடியால் உதவிக்கு ஆளைப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. பெயர் திரும்பிக் கிடைத்ததுதான். ஆனால் இடையில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே பூட்டை நிரந்தரமாகத் திறந்து வைக்காதீர்கள். மாற்றும் நாளில் மட்டும் உங்கள் கணக்கினுள் சென்று திறவுங்கள். மாறி முடிந்ததும் புதிய இடத்தில் மீண்டும் பூட்டுங்கள்.

மூன்றாவது தடை: 60 நாட்கள்

புதிதாகப் பதிந்த பெயரை முதல் 60 நாட்களுக்குள் மாற்றக் கேட்டால், கம்பனி மறுக்கலாம். ஒருமுறை மாற்றிய பெயரை அடுத்த 60 நாட்களுக்குள் மீண்டும் மாற்றக் கேட்டாலும் அப்படியே. இவை இரண்டும் பலருக்குத் தெரியும். தெரியாதது மூன்றாவது. 2016 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, உரிமையாளரின் பெயரையோ, நிறுவனப் பெயரையோ, மின்னஞ்சலையோ திருத்தினாலும் 60 நாள் பூட்டு விழும்.

பலர் சிக்குவது இதில்தான். மருமகனின் மின்னஞ்சலை நீக்கித் தன்னுடையதைப் போடுகிறார்கள். மறுநாளே வேறு கம்பனிக்கு மாற்றப் போகிறார்கள். முடியாது என்று வருகிறது. கம்பனி ஏமாற்றுவதாக எண்ணிச் சண்டை பிடிக்கிறார்கள். சில கம்பனிகள் திருத்தம் செய்வதற்கு முன்னரே, இந்தப் பூட்டு வேண்டாம் என்று சொல்ல இடமளிக்கின்றன. அந்தக் கட்டத்தைக் கவனித்து வாசியுங்கள். திருத்திய பின்னர் கேட்பதில் பயனில்லை.

என் ஆலோசனை இதுதான்: பெயர் முதலில், கம்பனி பிறகு. உரிமையாளராக உங்களைப் பதிந்து கொண்டு, 60 நாட்கள் பொறுத்திருந்து, அதன் பின்னர் கம்பனியை மாற்றுங்கள். இரண்டு மாதம் போனால் போகட்டும். பெயர் கையில் இருக்கும்.

நான்காவது தடை: மாற்றக் குறியீடு

புதிய கம்பனி உங்களிடம் ஓர் இரகசியக் குறியீட்டைக் கேட்கும். ஓத் கோட் என்றும் ஈ.பி.பி. கோட் என்றும் சொல்வார்கள். பழைய கம்பனியின் கணக்கினுள்ளேயே பெரும்பாலும் அதை எடுத்துக் கொள்ளலாம். அங்கு வசதி இல்லையென்றால் எழுதிக் கேட்க வேண்டும். கேட்ட நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பது ஐகான் விதி.

குறியீடு பிழை என்று வந்தால் பதறாதீர்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, அடையாளக் குறிகள் யாவும் அப்படியே இருக்க வேண்டும். முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஏற்காது. சில இடங்களில் சில நாட்களில் அது காலாவதியாகும். புதிதாக ஒன்று எடுங்கள். இந்தக் குறியீடு வீட்டுத் திறப்பைப் போன்றது. வட்ஸ்அப் குழுக்களில் போடக் கூடாது.

ஐந்து நாள் காத்திருப்பு

குறியீட்டைக் கொடுத்து, ஒரு வருடக் கட்டணத்தையும் புதிய கம்பனிக்குக் கட்டியதும் வேலை ஆரம்பமாகும். அந்தப் பணம் வீண்போகாது. டொட் கொம் போன்ற பெயர்களில், இருக்கும் தவணையோடு ஒரு வருடம் கூடும். பின்னர் பழைய கம்பனி, "உண்மையில் நீங்கள்தான் கேட்டீர்களா?" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பும். ஆம் என்று உறுதிப்படுத்தும் வசதி இருந்தால் விரைவில் முடியும். பேசாமல் இருந்தாலும் 5 நாட்களில் தானாகவே மாறிவிடும். ஆகவே ஐந்து நாள் தாமதம் என்பது கோளாறல்ல. அதே விதியை மறுபக்கமாகவும் நினைவில் வையுங்கள்: நீங்கள் கேட்காமல் அப்படியொரு கடிதம் வந்தால், உடனே மறுப்புத் தெரிவிக்க வேண்டும். மௌனம் சம்மதமாகி விடும்.

தளம் ஏன் மறைந்தது?

பெயர் நல்லபடியாக மாறிற்று. ஆனால் தளத்தைக் காணவில்லை, ஓடர் மின்னஞ்சலும் வரவில்லை என்று சிலர் முறையிடுவார்கள். பெயரைத் தேடுபவருக்குத் தளம் எங்கே, மின்னஞ்சல் எங்கே என்று வழி காட்டுவது நேம் சேர்வர். அந்த வசதியைப் பழைய பதிவுக் கம்பனியே தந்திருந்தால், பெயர் வெளியேறியதும் அதை நிறுத்தி விடக்கூடும்.

இதற்கு முன்னேற்பாடு எளிது. மாற்றுவதற்கு முன் பழைய கணக்கில் டீ.என்.எஸ். என்ற பக்கத்தைத் திறந்து, அங்குள்ள ஒவ்வொரு வரியையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மின்னஞ்சலுக்கான எம்.எக்ஸ். வரிகளைத் தவறவிடாதீர்கள். டீ.என்.எஸ்.செக் என்ற பாதுகாப்பு வசதி போடப்பட்டிருந்தால் அதை நிறுத்துங்கள். அவ்வரிகளைப் புதிய நேம் சேர்வரில் எழுதி, பெயரை அதன் பக்கம் திருப்பி, இரண்டு நாள் பாருங்கள். எல்லாம் ஓடினால் அதன் பின்னர் பெயரை மாற்றுங்கள். ஹோஸ்டிங் பழைய கம்பனியில் இருந்தால், தளத்தை வேறிடத்துக்கு எடுக்கும் வரை அந்தக் கணக்கை மூடாதீர்கள்.

தவணை முடிய விடாதீர்கள்

கடைசி நாளில் ஓடுவது எந்தக் காரியத்துக்கும் நல்லதல்ல. 1999 டிசம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனமே தன் பெயரொன்றைப் புதுப்பிக்க மறந்து, ஹொட்மெயில் பாவனையாளர்கள் உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். வெளியாள் ஒருவர் 35 டொலர் கட்டணத்தைத் தானே கட்டி அதைச் சரிசெய்தார். நம் வீட்டுத் தொழிலுக்கு அப்படி ஒருவர் வருவாரென்று காத்திருக்க முடியாது.

தவணை முடிந்த பின்னர் டொட் கொம் பெயரைப் புதுப்பிக்கச் சிறிது அவகாசம் கிடைக்கலாம். அதற்குக் கம்பனிக்குக் கம்பனி வேறு ஒழுங்கு. அது கடந்து பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்கு வழமையான கட்டணத்தைவிடப் பன்மடங்கு கேட்பார்கள். மீட்கும் வரை வேறு இடத்துக்கு மாற்றவும் முடியாது. அதற்குப் பின் 5 நாட்களில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். யாரும் எடுக்கலாம். எனவே மாற்றும் வேலையைத் தவணைக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்னரே ஆரம்பியுங்கள்.

விட மறுத்தால்?

சிலவேளை நாம் பணம் கொடுத்தது உண்மையான பதிவுக் கம்பனிக்கல்ல, அதன் இடைத்தரகருக்கு. ஐகானின் லுக்அப் பக்கத்தில் உங்கள் பெயரைத் தட்டினால் உண்மையான கம்பனி எதுவென்று தெரியும். தரகர் பதில் தராவிட்டால் நேரே அங்கு எழுதுங்கள். "தளம் வடிவமைத்த பணம் பாக்கி, அதனால் பெயரைத் தர மாட்டேன்" என்று சிலர் சொல்வதுண்டு. கொடுக்க வேண்டிய கடனைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பதிவுக் கம்பனி பெயரைத் தடுத்து வைக்க ஐகான் அனுமதித்த காரணங்களில் அது இல்லை. பதிவுக் கம்பனியும் விதியை மீறினால் ஐகானுக்கே முறைப்பாடு செய்யலாம், அதற்குக் கட்டணமில்லை. திகதியோடு எழுதிய கடிதங்களின் பிரதிகளை வைத்திருங்கள்.

டொட் எல்.கே. பெயர் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அது நம் நாட்டு எல்.கே. டொமைன் ரெஜிஸ்ட்ரியின் பொறுப்பில் உள்ளது. மேலே சொன்ன ஐகான் விதிகள் அதற்குப் பொருந்தா. அங்கேயே விசாரித்து நடக்க வேண்டும்.

பேசித் தீர்க்க வேண்டியது

இவ்வளவு விதிகளுக்கும் அப்பால், நம் வீடுகளில் பெரிய தடை வெட்கம்தான். "பிள்ளை இவ்வளவு உதவி செய்திருக்க, பெயரை என் பெயருக்கு மாற்றித் தா என்று எப்படிக் கேட்பது? சந்தேகப்படுவதாக நினைக்காதா?" என்று தயங்குகிறோம். சாச்சியும் மச்சியும் என்ன நினைப்பார்களோ என்று தள்ளிப் போடுகிறோம். உறவு நன்றாக இருக்கும்போது கேட்டால் அது ஒரு தேநீர் நேர வேலை. மனக்கசப்பு வந்த பின்னர் கேட்டால் அதுவே வழக்காகி விடும். பிறருடைய பெயரைத் தன் கணக்கில் வைத்திருக்கும் பிள்ளைகளும் அது தம்மிடம் இருக்கும் அமானிதம் என்பதை உணர்ந்து, கேட்குமுன்னரே ஒப்படைப்பது அழகு.

சகோதரிகளே! இன்றிரவு வேலைகள் முடிந்ததும் கணக்குக் கொப்பியில் ஒரு பக்கத்தை எடுங்கள். பெயர் எந்தக் கம்பனியில் உள்ளது, யாருடைய பெயரில் உள்ளது, எந்த மின்னஞ்சல், தவணை முடியும் திகதி எது, நேம் சேர்வர் யாருடையது என்று ஐந்து வரிகள் எழுதுங்கள். ஐந்தையும் உங்களால் எழுத முடிந்தால் பெயர் உங்கள் கையில் இருக்கிறது. எழுத முடியாத வரி எதுவோ, நாளைக் காலை அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.