நோட்டீஸைப் பீரோவில் பூட்டாதீர்கள்!

பேப்பரைத் திறந்தால் பொடி எழுத்தில் வீட்டு ஏல விளம்பரம்தான். நாம் தள்ளிவிட்டுக் கோலப்புள்ளியைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

வீட்டுக் கடன் தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக் கடன். பிறகு 2002-ம் வருட சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ். அதற்கும் கட்டாவிட்டால் கோர்ட்டில் கேஸ் போடாமலே பேங்க் வீட்டை எடுத்து ஏலம் விடலாம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்த நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது. மாமியாருக்குத் தெரியக் கூடாதென்று புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார்! அவர் கணவரோ ரகசியமாக விற்க அட்வான்ஸ் பேசினார். நோட்டீஸ் வந்தபின் பேங்க் எழுத்துமூலம் சம்மதிக்காமல் விற்கக் கூடாது. பத்திரமும் அவர்களிடம்தானே இருக்கிறது?

கடைசியில் மேனேஜரிடமே போய், "நாங்களே ஆள் பார்த்து விற்று அடைக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒத்துக்கொண்டார். வாங்கியவர் கடன் பாக்கியை நேரே பேங்கில் கட்ட, பத்திரம் விடுபட்டது. மீதி அக்கா கைக்கு வந்தது. ஏலத்திலும் மிச்சம் நமக்குத்தான் என்றாலும், செலவைக் கழித்துக்கொள்வார்கள். பல சமயம் விலையும் அடிமாட்டு விலைதான். விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால், ஒரே தவணையில் தீர்க்க வட்டித் தள்ளுபடி கேட்டுப் பார்க்கலாம். தருவது அவர்கள் இஷ்டம்.

முன்பெல்லாம் ஏல நாள்வரை பணம் கட்டி மீட்கலாம். 2016 திருத்தத்துக்குப் பின் ஏல விளம்பரம் வரும்வரைதான். 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிவிட்டது. எனக்கென்னவோ இது நியாயமாகப் படவில்லை. அந்த நோட்டீஸையாவது தமிழில் அனுப்பக் கூடாதா?