பந்தயக் கார் விளையாட்டுக்கு எத்தனை புள்ளி?

விடைத்தாள் திருத்துவது என் தொழில். பல்லாண்டுகளாகச் சிவப்புப் பேனாவும் கையுமாக இருந்து பழகிய எனக்குச் சென்ற விடுமுறையிலே புதுமையானதொரு விடைத்தாள் வந்து வாய்த்தது. அது கடதாசியில் எழுதப்பட்டதன்று. தொலைக்காட்சித் திரையிலே ஓடுவது.

வெள்ளவத்தையிலுள்ள என் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவள் மகனுக்கு அடுத்த மாதம் பதினெட்டு வயது நிறைகின்றது. நான் போய் அமர்ந்து தேநீர் அருந்தி முடிப்பதற்குள் வழக்கு என் முன் வந்துவிட்டது. “மாமா, எனக்குக் கார் பழக்க ஒருவரும் வேண்டியதில்லை. கிரான் டூரிஸ்மோவிலே ஐந்து அனுமதிப்பத்திரமும் தங்கப் பதக்கத்தோடு எடுத்துவிட்டேன். அப்பாவிடம் சாவியைத் தரச் சொல்லுங்கோ” என்றான் பிள்ளை. “அண்ணா, இந்தப் பெட்டியை வீட்டில் வைத்திருப்பதா, விற்றுவிடுவதா? நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ” என்றாள் தாய்.

பாராமல் தீர்ப்புச் சொல்லுதல் நீதியன்று. ஆகவே மூன்று மாலைப் பொழுதுகள் மருமகனின் பக்கத்தில் அமர்ந்து அவ்விளையாட்டை நானும் ஆடிப் பார்த்தேன். முதல் நாள் வளைவுக்கு வளைவு புல்வெளியிலே உழுதேன் என்பதை ஒளிப்பானேன்!

இவ்விளையாட்டு யப்பானியரின் ஆக்கம். கசுனோரி யமாவுச்சி என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழுவினர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உழைத்து, 1997ஆம் ஆண்டு டிசம்பரில் இதன் முதற் பதிப்பை பிளேஸ்டேஷன் பெட்டிக்கென வெளியிட்டனர். ஒரு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. நான் ஆடியது 2022 மார்ச்சில் வெளிவந்த ‘கிரான் டூரிஸ்மோ 7’ என்னும் பதிப்பு. வெளிவந்த நாளிலேயே நானூறுக்கு மேற்பட்ட கார்கள் அதில் இருந்தன. இனி என் வழக்கப்படி நான்கு வினாக்கள். வினாவுக்கு இருபத்தைந்து புள்ளிகள்.

முதல் வினா: வண்டியின் ஓட்டம் மெய்யானதா? பௌதிகம் பயிலும் மாணவர் இதனை ஊன்றிக் கவனிக்கலாம். பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன் சக்கரங்களின் மீது சாய்கின்றது. பின் சக்கரங்கள் இலேசாகின்றன. அவ்வேளையில் ஸ்டியரிங்கைச் சட்டெனத் திருப்பினால் வண்டியின் பின்புறம் சுழன்றுவிடுகின்றது. டயருக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள பிடிப்புக்கு ஓர் எல்லையுண்டு. அந்த எல்லைக்குள்ளேதான் வேகத்தைக் குறைப்பதும் திரும்புவதும் நடைபெறல் வேண்டும். இவையெல்லாம் திரையிலே பிழையின்றித் தெரிகின்றன. சக்கரம் நழுவும்போது கையிற் பிடித்த கருவி நடுங்குகின்றது. பிரேக் விசை விரலை எதிர்த்துத் தள்ளுகின்றது. ஆயினும் உடம்பு முன்னே தூக்கி எறியப்படும் அந்த உணர்ச்சி நாற்காலியில் இருப்பவனுக்கு இல்லை. இருபத்திரண்டு புள்ளிகள்.

இரண்டாம் வினா: கற்பிக்கும் முறை எத்தகையது? இங்கே என் ஆசிரிய நெஞ்சம் மகிழ்ந்தது. ஐந்து அனுமதிப்பத்திரங்கள், ஒவ்வொன்றிலும் பத்துச் சோதனைகள். முதற் சோதனை, புறப்பட்டு ஓடிக் குறித்த இடத்தில் நிறுத்துவது, அவ்வளவே. பின்னர் ஒரு வளைவு, இரு வளைவுகள், ஈரத் தெரு என்று படிப்படியாக ஏறுகின்றது. வளைவுக்கு வெளிப்புறத்திலிருந்து வந்து, நேராக ஓடும்போதே வேகத்தைத் தணித்து, உட்புறத்தைத் தொட்டு, மீண்டும் வெளிப்புறமாக விரைவதென்னும் பந்தய நெறி, சொல்லாமலே கைக்கு வந்துவிடுகின்றது. தோற்றவனை ஏசாது, “மீண்டும் செய்” என்று மட்டும் அது சொல்லுகின்றது. நம்மிற் சிலர் அதனிடம் இதனைக் கற்கலாம். கார்களின் வரலாற்றைக் கூறும் தேநீர்ச்சாலை ஒன்றும் உள்ளே உண்டு. இருபத்துமூன்று புள்ளிகள்.

மூன்றாம் வினா: கொடுக்கல் வாங்கலில் நேர்மை உண்டா? இங்கே தடுமாற்றம். தனியே ஒருவன் ஆடும் பகுதிக்குங்கூடப் பெரும்பாலும் இணையத் தொடர்பு வேண்டும். 2022 மார்ச்சில் அத்தொடர்பு ஒரு நாளுக்கு மேலாக அறுந்தபோது, பணம் கொடுத்து வாங்கியவர்கள் விளையாட்டின் பெரும்பகுதியை ஆட முடியாது தவித்தனர். அதே வேளையில் சில பந்தயங்களின் பரிசுத் தொகையும் குறைக்கப்பட்டது. அரிய கார் வேண்டுமாயின் பல மணிநேரம் ஒரே பந்தயத்தைத் திரும்பத் திரும்ப ஓடுதல் வேண்டும். அன்றேல் மெய்ப்பணம் கொடுத்து விளையாட்டுப் பணம் வாங்குதல் வேண்டும். எதிர்ப்பு எழவே யமாவுச்சி மன்னிப்புக் கேட்டு, ஆடுவோர்க்குப் பத்து இலட்சம் விளையாட்டுப் பணம் வழங்கிப் பரிசுகளையும் உயர்த்தினார். தவறை ஒப்புக்கொண்டமைக்கு இரண்டு புள்ளிகள் கூட்டினேன். மொத்தம் பன்னிரண்டு.

நான்காம் வினாவே முக்கியமானது: பிழை செய்தவனுக்கு என்ன நேர்கின்றது? மருமகனின் கார் ஒருமுறை பெருவேகத்தில் மதிலிலே மோதியது. அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பொத்தானை அழுத்தினான், மதில் இருந்தது, கார் இருந்தது, பந்தயம் மறுபடியும் தொடங்கியது.

இவ்விளையாட்டிலிருந்து மெய்யான பந்தயத்துக்குச் சென்றவர்களும் உளர். நிசான் நிறுவனமும் சோனி நிறுவனமும் இதற்கெனப் போட்டி நடத்தின. 2011இல் அதில் வென்ற பிரித்தானிய இளைஞர் யான் மார்டன்பரோ, 2013இல் பிரான்சின் லே மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் தம் பிரிவிலே மூன்றாம் இடம் பெற்ற குழுவில் ஓட்டினார். ஆனால் வென்ற மறுநாளே அவரிடம் எவரும் சாவியைக் கொடுத்துவிடவில்லை. மெய்யான தடங்களிலே, பயிற்சியாளர் முன்னிலையிலே, பழகித் தேறிய பின்னரே கொடுத்தனர். அப்படிப் பழகியவரின் கார்தான் 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்திலே ஒரு மேட்டில் மூக்கு மேலெழுந்து, வேலியைத் தாண்டிப் பார்வையாளரிடையே வீழ்ந்தது. ஒருவர் இறந்தார். அத்தடமும் இவ்விளையாட்டிலே உண்டு. அங்கே எத்தனை முறை விழுந்தாலும் ஒருவரும் சாவதில்லை. 2023இல் வந்த திரைப்படம் இவ்விபத்தை லே மான்ஸ் வெற்றிக்கு முன்னதாக மாற்றிக் காட்டியது. கதைக்கு அது வசதி. ஆனால் ஒரு மனிதரின் மரணத்தை வெற்றிக்குப் படிக்கட்டாக்குவது எனக்கு உவப்பாக இல்லை.

மூன்றாம் நாள் மாலை மருமகனைக் காலி வீதியிலுள்ள பாதசாரிக் கடவைக்கு அழைத்துச் சென்றேன். “இங்கே நீ கார் ஓட்டி வருகிறாய் என்று வைத்துக்கொள். எதையெதைப் பார்ப்பாய், சொல்” என்றேன். முன்னே போகும் பேருந்தைச் சொன்னான். பேருந்தின் மறைவிலிருந்து இறங்கிய பாட்டியை அவன் சொல்லவில்லை. இடப்புறமாக நுழைந்த முச்சக்கர வண்டியைச் சொல்லவில்லை. தாயின் கையை விடுவித்துக்கொள்ள முயன்ற குழந்தையையும் சொல்லவில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இவ்விரண்டையும் அவனே கணக்கிட்டுச் சொன்னான். கணக்கில் அவன் கெட்டிக்காரன். பின்பு அந்தப் பாட்டி வீதியைக் கடந்து முடிக்கும்வரை பேசாமல் நின்றான்.

“மாமா, விளையாட்டிலே தெருவில் ஆட்கள் இல்லை” என்றான் சிறிது நேரங் கழித்து.

அதுவே நான்காம் வினாவுக்கு விடை. அவ்விடை இவ்விளையாட்டிலே எழுதப்படவே இல்லை. ஆதலால் அதற்குச் சுழியம். மொத்தம் ஐம்பத்தேழு. திறமைச் சித்தி. குறையுள்ள மாணவன்தான், ஆயினும் வகுப்பை விட்டு விலக்க வேண்டியவன் அல்லன்.

பெட்டியை விற்க வேண்டாமென்று தங்கையிடம் சொன்னேன். பாடத்துக்குப் பின் ஒரு மணிநேரம் ஆடட்டும். மெய்ப்பணம் கொடுத்து விளையாட்டுப் பணம் வாங்குதல் மட்டும் கூடாது. சாவியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சாரதிப் பயிற்சிக்கு எங்கே பதிவு செய்வதென்று மருமகனே தகப்பனிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

பெற்றோர்களே, பிள்ளை ஆடுவதை வாசலில் நின்று கண்டிப்பதிலும், ஒரு மாலை அவன் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது நன்று. மாணவர்களே, திரை தரும் தங்கப் பதக்கத்தை மகிழ்ச்சியோடு வைத்துக்கொள்ளுங்கள். தெருவிலே இறங்கும்போது மட்டும் அதனை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.